சேலத்து வெயிலுக்கும் கரண்டுக்கும் ஒரு பவர் ஆம்ப்

ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கிற பெட்டியான பவர் ஆம்பை எத்தனை வாட்ஸில் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று: ஸ்பீக்கர் எது, அதிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்காருவீர்கள், பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறதா. மூன்றாவது கேள்விக்குச் சிலர் சிரிப்பார்கள். தறிகள் நிறைந்த அம்மாபேட்டைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். ஆம்பை அட்டைப்பெட்டியைப் பார்த்து எடுக்கக் கூடாது, அது போய் உட்காரப்போகும் வீட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வீடு என்றால் அறை, வெயில், கரண்டு, பல்லி எல்லாம் சேர்த்துத்தான்.

முதலில் இந்த வாட்ஸ் பைத்தியத்தைக் கொஞ்சம் தெளியவைப்போம். ஆடி மாதம் சேலத்தில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வேப்பமரத்திலோ லைட் கம்பத்திலோ கட்டிய ஒரு கூம்பு ஸ்பீக்கர், அதற்குப் பின்னால் மேசை மேல் ஒரு சின்ன அஹுஜா ஆம்ப், அவ்வளவுதான். விடியற்காலையில் மொத்தப் பேட்டையும் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த ஆம்ப் ஒன்றும் பெரிய வாட்ஸ் இல்லை. விஷயம் கூம்பில் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலுக்கு மேல் கத்துகிற ஜாதி அது. நம் வீட்டு ஷெல்ஃபில் வைக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு அதே ஒரு வாட் கொடுத்தால் 85, 86 தான் வரும். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் பவரில் நூறு மடங்கு. ஸ்பீக்கர் விவரத்தில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, யாரும் படிக்காத அந்த வரிதான் உங்கள் ஆம்பை முடிவு செய்கிறது.

பவரை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கு ஆனது போலத் தோன்றுவதற்குச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பவர் பத்து மடங்கு ஆக வேண்டும். அதனால் கையில் இருக்கும் நல்ல 50 வாட்ஸ் ஆம்பைத் தள்ளிவிட்டு, மேலே ஒரு தொகை போட்டு 80 வாட்ஸ் வாங்கி வருகிறவர் கூடுதலாகக் கொண்டுவருவது வெறும் 2 டெசிபல்தான். வால்யூம் குமிழை ஒரு நூல் திருப்பினால் வருகிற வித்தியாசம் அது.

என் அறை மாடியில் இருக்கிறது, 12-க்கு 15 அடி, டைல்ஸ் தரை. ஸ்பீக்கர் 86 டெசிபல். உட்காருவது ஒன்பது அடி தள்ளி. தூரத்துக்குக் கொஞ்சம் கழித்து, இரண்டு ஸ்பீக்கர் இருப்பதற்கும் சுவரில் பட்டுத் திரும்புவதற்கும் கொஞ்சம் கூட்டினால், ஸ்பீக்கருக்கு ஒரு வாட் போனாலே நாற்காலியில் 80 டெசிபலுக்கு மேல் வந்துவிடும். கீழே சமையலறையிலிருந்து "ஏன்டா, காது கேக்கலயா உனக்கு" என்று அம்மா குரல் வரும் அளவு அது.

அப்படியானால் 5 வாட்ஸ் ஆம்ப் போதுமே என்று கேட்பீர்கள். போதாது. பாட்டு ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தவிலில் வலந்தலையில் விரல்கூடு போட்ட ஒரு அடி விழும்போது, சராசரி மட்டத்தைவிட 15, 20 டெசிபல் மேலே போய்விட்டு மறு நொடியில் கீழே வந்துவிடும். 20 டெசிபல் என்றால் மறுபடியும் அதே நூறு மடங்கு. சராசரி ஒரு வாட்டில் ஓடுகிற ஆம்ப் அந்தக் கண் இமைக்கும் நேரத்துக்கு நூறு வாட்ஸ் கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அதுதான் க்ளிப்பிங். தவில் அடி தகரத்தைத் தட்டியது போல ஆகிவிடும். அதோடு சின்ன ஆம்பை வெட்டுப்படும் அளவுக்கு முறுக்கிக்கொண்டே இருந்தால், கீச்சுச் சத்தத்தைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகும் பவர் ஏறி அது கருகும். பெரிய ஆம்ப் ஸ்பீக்கரைச் சுட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் பலர், வீடுகளில் நான் பார்த்த செத்த ட்வீட்டர்கள் பெரும்பாலும் சின்ன ஆம்பை முழுக்கத் திருகியதால் செத்தவை. இப்போதைய சினிமாப் பாட்டுகளில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு, எல்லாவற்றையும் அமுக்கி ஒரே உயரத்தில் வைத்திருப்பார்கள். அவற்றை மட்டும் கேட்பவருக்கு உச்சத்துக்கு என்று இவ்வளவு பவர் ஒதுக்க வேண்டியதில்லை.

ஊகம் எல்லாம் எதற்கு, அளந்தே பார்த்துவிடலாம். இருக்கிற ஏதாவது ஒரு ட்ரான்சிஸ்டர் ஆம்பில், ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நீங்கள் எப்போதாவது வைக்கிற அதிகபட்சச் சத்தத்துக்கு, பிடித்த பாட்டைப் போட்டு வால்யூமை நிறுத்துங்கள். குமிழைத் தொடாமல் பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, 120 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை, முழு மட்டத்துக்கு 12 டெசிபல் கீழே பதிவானதாகப் பார்த்துப் போடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள், இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசாமல். 120 ஹெர்ட்ஸ் ஏன் என்றால் மலிவான மீட்டர் அதற்கு ரொம்ப மேலே போனால் உளறும். எனக்குக் காட்டியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே. 12 டெசிபல் என்றால் நான்கு மடங்கு வோல்டேஜ், ஆக உச்சத்தில் 12, 13 வோல்ட். அதைத் தன்னோடு பெருக்கி, ஸ்பீக்கரின் தடையான 8 ஓம்ஸால் வகுத்தால் சுமார் 20 வாட்ஸ். அவ்வளவுதான் எனக்குத் தேவை. 200 வாட்ஸ் இல்லாமல் பாஸே வராது என்று சத்தியம் செய்த நண்பன் ஒருவனுடைய வீட்டிலும் பிடித்துப் பார்த்தோம், அவனுக்கு என்னைவிடக் குறைவாக வந்தது. அன்றிலிருந்து அவன் மீட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தறிக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தெருவில் பகலில் விசைத்தறி ஓடும். ஜன்னலைச் சாத்தினாலும் அந்த டக்கடக்க உள்ளே வரும், பாட்டின் மெல்லிய பகுதிகளை அது விழுங்கிவிடும், கை தானாக வால்யூமுக்குப் போகும். தறி நின்ற பிறகு இரவில் அதே பாட்டு 10 டெசிபல் குறைவாக வைத்தாலும் நன்றாகக் கேட்கும், அதாவது பத்தில் ஒரு பங்கு பவரில். பேர்லேண்ட்ஸ் பக்கம் உள்ளடங்கிய தெருவில் இருப்பவருக்கும், ஐந்து ரோட்டில் பஸ் ஹாரனுக்கு மேலே வீடு எடுத்தவருக்கும், ஒரே ஸ்பீக்கர் ஆனாலும் ஒரே ஆம்ப் சரிப்படாது. அளக்கும்போது உங்கள் தெருவின் இரைச்சல் அதிகமான நேரத்தில் அளந்துகொள்ளுங்கள்.

இனி பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி என்று. அமெரிக்காவில் 1974-லேயே வீட்டு ஆம்புக்கு வாட்ஸ் எப்படிப் போட வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தார்கள். நாம் கைக்கு அடக்கமான டேப் ரெக்கார்டரில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ வாட்ஸ், அதாவது கண் இமைக்கும் நேரத்துக்குக்கூட நிற்காத கற்பனை உச்சம், என்ற ஸ்டிக்கரைப் பார்த்து வளர்ந்தவர்கள். இப்போது பொய் கொஞ்சம் நாகரிகமாகிவிட்டது: 6 ஓம்ஸ், 1 கிலோ ஹெர்ட்ஸ், ஒரே ஒரு சேனல், 10 சதவீத டிஸ்டார்ஷன் (சத்தம் சிதைவது) என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் பெரிய எழுத்தில் 150 வாட்ஸ். 8 ஓம்ஸில், இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை, அரைக்கால் சதவீத டிஸ்டார்ஷனுக்குள் எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள், மற்றதெல்லாம் அலங்காரம்.

அசெம்பிள்டு ஆம்ப் வாங்குகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: மூடியைத் திறந்து ட்ரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 24-0-24, 5 ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கும். டயோடு, கெபாசிட்டர் தாண்டி அது இரண்டு பக்கமும் 33, 34 வோல்ட் டிசி ஆகும். அதிலிருந்து 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு, என்ன தலைகீழாக நின்றாலும், 70 வாட்ஸுக்கு மேல் வராது. நடப்பில் 50 வந்தால் நல்ல ஆம்ப். இரண்டு ஆம்பைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரைத் தள்ளுகிற, பிரிட்ஜ் போட்ட போர்டு என்றால் கணக்கு வேறு. மற்றபடி 24-0-24 போட்ட பெட்டியைச் சேனலுக்கு 200 வாட்ஸ் என்று ஒருவர் விற்றால், அவரிடம் எதற்கு வாதம், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வது: "தம்பி, போர்டு எதை வேணா வாங்குங்க. ட்ரான்ஸ்ஃபார்மர்ல மட்டும் காசு பாக்காதீங்க. காப்பர்னு சொல்லி அலுமினியத்தைச் சுத்திக் குடுத்துடறாங்க." புதிதாக வந்த 5200, 1943 ட்ரான்சிஸ்டர்களைப் பிரித்ததும் தின்னரில் நனைத்த பஞ்சை எடுத்து எண்ணின் மேல் தேய்ப்பார். எழுத்து பஞ்சோடு வந்தால் அந்த ஜோடி அப்படியே கவரில் திரும்பிப் போகும். எழுத்து நின்றாலும் அசல் என்று உறுதி இல்லையாம், ஆனால் வழிந்தால் போலி என்பது உறுதி. கெபாசிட்டரிலும் ஒரு விஷயம் சொன்னார். எங்கள் தெருவில் தறி ஓடும் மாலையில் 205 வோல்ட் இருக்கும் கரண்டு, நடுராத்திரியில் 245-க்கு ஏறும். அந்த நேரம் மேலே சொன்ன 34 வோல்ட், லோடு இல்லாமல், 38, 39-ஐத் தொடலாம். அங்கே 35 வோல்ட் கெபாசிட்டர் போட்டிருந்தால் தீபாவளிதான். குறைந்தது 50 வோல்ட், 63 ஆனால் நிம்மதி.

லோ வோல்டேஜைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், அதற்கு அவசியமே இல்லை. 230-க்கு 205 வந்தால் சாதாரண பவர் சப்ளை உள்ள ஆம்பில் பவர் ஐந்தில் ஒரு பங்கு குறையும், கேட்கிற சத்தத்தில் அது ஒரு டெசிபல். யாருக்கும் தெரியாது. இன்வெர்ட்டர்தான் உண்மையான தொல்லை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கரண்டு மாறியதும் ட்ரான்ஸ்ஃபார்மர் வண்டு போல முரலும், ஆம்ப் லைனைத் தனியாகப் பிரித்துவிடுங்கள் அல்லது சைன் வேவுக்கு மாறுங்கள். அடுத்தது, கேபிள் டிவி பெட்டியை ஆம்பில் சேர்த்தவுடன் ஸ்பீக்கரில் ஹம் வந்தால் ஆம்பைத் திட்டாதீர்கள். கேபிள் வயரின் உறை ஓர் எர்த், வீட்டு எர்த் இன்னோர் எர்த், இரண்டுக்கும் நடுவில் சுற்றுகிற கரண்டு அது. வயரைக் கழற்றிப் பாருங்கள், போய்விடும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஆம்ப் மலிவாகக் கிடைத்தால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்: ஜப்பானுக்கு 100 வோல்ட், அமெரிக்காவுக்கு 120. நம் சுவரில் நேராகச் சொருகினால் ஒரு புகை, அதோடு சரி.

வெயில் விஷயத்துக்கு வருவோம், சேலத்தில் இதைப் பேசாமல் ஆம்ப் பேச முடியாது. ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் ஊர். மேலே கான்கிரீட் கூரை காய்ந்து கிடக்கிற மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் இருக்கும். க்ளாஸ் ஏ ஆம்பின் சத்தம் இனிமை என்பார்கள். இருக்கட்டும். பாட்டே ஓடாவிட்டாலும் அது 200 வாட்ஸ் அளவுக்குக் கரண்டை இழுத்து அப்படியே வெப்பமாகக் கக்கும். தினமும் ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். இலவசமாக வரும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கு ஆம்புக்கே போய்விடும், அது போக ஃபேன் காற்றும் சூடாக வரும். ஏற்காட்டில் வீடு இருந்தால் குளிருக்கு ஹீட்டராகவும் ஆகும், வாங்குங்கள். சேலத்துக்கு வேண்டாம்.

க்ளாஸ் ஏபி நடுவழி. சூடாகும், ஆனால் தாங்கும், காற்று விட்டால். கெபாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் நம் வீடுகளில் ஆம்ப் இருக்கும் இடம் எது? ஷோகேஸில், கண்ணாடிக் கதவுக்குள், மேலே அம்மா பூ வேலை செய்த துணி, துணி மேல் கொலு பொம்மை. என் வீட்டில் இந்தத் துணிக்காக நடந்த பேச்சுவார்த்தை தனிக்கதை. கடைசியில் பொம்மை டிவி மேலே போனது, துணி ஸ்பீக்கருக்கு வந்தது. க்ளாஸ் டி இந்தத் தலைவலியே இல்லாதது, கொடுக்கிற கரண்டில் சுமார் 90 சதவீதம் ஸ்பீக்கருக்கே போகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3255 சிப் போட்ட கையகலப் பெட்டிகள் இப்போது சில ஆயிரங்களில் கிடைக்கின்றன, பத்து வருடத்துக்கு முன்னால் இந்த விலையில் இந்தத் தரம் நினைத்தும் பார்க்க முடியாது. அதில் உதைக்கிற இடம் கூட வருகிற அடாப்டர்தான். பெட்டி மேல் 300 வாட்ஸ் எழுதியிருக்கும், அடாப்டரில் 32 வோல்ட் 5 ஆம்ப்ஸ் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 160. இரண்டு சேனலுக்கும் சேர்த்தே அவ்வளவுதான்.

பல்லியை மறக்கவில்லை. ஆம்பின் வெதுவெதுப்புக்குப் பல்லி வரும், காற்றுத் துளை வழியாக உள்ளே போகும், வால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் தொட்டுக்கொண்டு உயிரை விடும். சித்தப்பா வீட்டில் அப்படித்தான் நடந்தது: ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, உள்ளே இருந்த டிசி முழுவதும் நேராக ஸ்பீக்கருக்குப் போய், வூஃபரின் கம்பிச்சுருள் கருகி, வீடு முழுக்க வார்னிஷ் நாற்றம். அந்த ஆம்பில் ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டே இல்லை. ஸ்விட்ச் போட்டு மூன்று நான்கு விநாடி கழித்து 'டிக்' என்று ஒரு ரிலே சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் ப்ரொடெக்‌ஷன் இருப்பதற்கு அடையாளம். கேட்காவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள், அசெம்பிள்டு என்றால் போர்டைக் கண்ணால் பாருங்கள். காற்றுத் துளைக்கு உள்பக்கம் நைலான் கொசுவலை ஒட்டலாம், தூசு சேராமல் அவ்வப்போது பிரஷ் போட வேண்டும்.

ஸ்பீக்கரின் ஓம்ஸ் ஒன்றும் நிலையானது இல்லை. 8 என்று எழுதியது சில இடங்களில் 4-க்கு இறங்கும், அப்போது ஆம்ப் இரண்டு மடங்கு கரண்டு தர வேண்டும். 8 ஓம்ஸில் 50, 4 ஓம்ஸில் 80, 90 என்று ஏறுகிற ஆம்புக்கு முதுகெலும்பு இருக்கிறது. 4 ஓம்ஸுக்கு எண்ணே போடாமல் விட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். 1978-ல் வந்த என்.ஏ.டி (NAD) 3020 ஆம்ப் வெறும் 20 வாட்ஸ்தான். சங்கடமான ஸ்பீக்கர்களையும் தள்ளிக்கொண்டு போனதால்தான் இன்றைக்கும் அதன் பேரைச் சொல்கிறார்கள்.

டேம்பிங் ஃபேக்டர், அதாவது ஸ்பீக்கரின் ஓம்ஸை ஆம்பின் உள்தடையால் வகுத்து வரும் எண், 1000 என்று பீற்றுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரை ஐந்து மீட்டர் இழுத்தால், போக வர அதன் தடையே 0.07 ஓம்ஸ் ஆகிவிடும், அதற்கப்புறம் ஆம்ப் எவ்வளவு நல்லதானாலும் ஸ்பீக்கர் பார்க்கிற எண் நூற்றுச் சொச்சத்தைத் தாண்டாது. அதுவே தாராளம். அந்த வயரையே போடுங்கள், நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

முதல் முறை தனி பவர் ஆம்ப் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பலவற்றில் வால்யூம் குமிழே இருக்காது. டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றுகிற டாக் (DAC) வால்யூம் இல்லாததாக இருந்து, அதை நேராகச் சொருகிப் பாட்டைத் தட்டினால் முழுச் சத்தமும் ஒரேயடியாக வரும். நடுவில் வால்யூமைக் கவனிக்கிற ப்ரீ ஆம்போ, வால்யூம் உள்ள டாக்கோ கட்டாயம். அதற்குத் தனியாகச் செலவழிக்க மனமில்லை என்றால் ப்ரீயும் பவரும் ஒரே பெட்டியில் இருக்கிற இன்டெக்ரேட்டட் ஆம்பே வாங்கிவிடலாம், ஒரு குறையும் இல்லை.

கடையில் இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டெசிபல் கூட இருக்கிற ஆம்ப் 'தெளிவாக' இருப்பது போலவே தோன்றும், விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். மீட்டரை எடுத்துப் போய் அதே டோனில் இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்து கேட்டால், விலை இரண்டு மடங்கு வித்தியாசம் உள்ள ஆம்ப்கள்கூட ஒரே மாதிரி கேட்பது சகஜம். கடைக்காரர் முகம் மாறும், பரவாயில்லை.

நான் எடுத்தது 8 ஓம்ஸில் 60 வாட்ஸ் தரும் பழைய க்ளாஸ் ஏபி. தேவை 20 என்று தெரிந்தும் 60 எதற்கு என்றால், தூக்கும்போது கை வலித்தது, ஹீட் சிங்க் இரண்டு பக்கமும் இருந்தது, 4 ஓம்ஸுக்கு 100 என்று போட்டிருந்தது. கெபாசிட்டர்களை மட்டும் மெக்கானிக் அண்ணன் மாற்றிக் கொடுத்தார்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் மாமாவுக்கு இதையே சொல்லவில்லை. அவரிடம் இருப்பது 93 டெசிபல் பழைய பெரிய ஸ்பீக்கர்கள், சுற்றிலும் காப்பித் தோட்டம், இரவில் சில்வண்டு தவிர வேறு சத்தமே இல்லை. அங்கே வாட்ஸைவிட ஆம்பின் சொந்த இரைச்சல்தான் முக்கியம், பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று வந்தால் அந்த அமைதியில் மாமாவுக்குத் தூக்கம் வராது. 1500 மீட்டர் உயரத்தில் காற்று கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு லேசு, அதனால் ஹீட் சிங்க் சற்று மெதுவாக ஆறும். குளிர் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. பனிதான் தொந்தரவு, சொருகும் முனைகள் எல்லாம் பச்சை பிடித்துவிடும், கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். 25 வாட்ஸ் சின்ன ஆம்ப் ஒன்று, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைத்து வைக்கும் வசதியோடு, எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கோடை மழை இடிக்கு ஏதாவது பாதுகாப்பு வாங்கட்டுமா என்று கேட்டார். ஸ்பைக் பஸ்டரை நம்பாதீங்க மாமா, மேகம் கட்டினதும் பிளக்கைப் பிடுங்கிடுங்க, கேபிள் டிவி வயரையும் சேர்த்து என்றேன்.